போட்டோ எங்கே இருக்கிறது?

பழவேற்காட்டில் என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது மனு எழுதிக்கொள்ள வருவதில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "சார், போன்ல இருக்கிற போட்டோ கம்ப்யூட்டர்ல வரமாட்டேங்குது" என்பார்கள். சிலர் அதையே திருப்பிப் போட்டு, "கம்ப்யூட்டர்ல தெரியுது, போன்ல காணோம்" என்பார்கள். வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கிழவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மகள் பிரான்சில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். அது ஊருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துக் குப்பங்களில் போட்டோ என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது கல்யாண ஆல்பத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவர்களிடம் அப்பா அம்மாவின் முகத்தைக் காட்ட ஒரு காகிதம் இல்லை. அடுத்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. படகு உடைந்தது, வலை கிழிந்தது என்று மனுக் கொடுக்கிறவர் அன்றைக்கே எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மனுவுக்குப் பலம் வரும். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக்கொள்ளும்போதும் அப்படித்தான். எந்த மாதம் எவ்வளவு மூடியது என்று சொல்வதைவிட, தேதியோடு நாலு படம் காட்டுவது மேல். ஆகவே போனில் இருக்கும் படம் தொலைகிறது என்றால், சில வீடுகளில் அது பத்திரம் தொலைவதற்குச் சமம்.

யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "படம் இப்போ எங்கே இருக்கு?" போனுக்குள்ளேயா, போனில் செருகிய மெமரி கார்டிலா, இணையத்தில் எங்கோ ஒரு கணக்கிலா, வாட்ஸ்அப்பிலா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலோருக்குப் பதில் தெரிவதில்லை. திரையில் தெரிகிறது, அதனால் போனில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

எளிய வழியிலிருந்து ஆரம்பிப்போம். அது கேபிள். போனையும் கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்தும் கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நாலு கம்பி இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். போன் நன்றாகச் சார்ஜ் ஆகும், படம் மட்டும் நகராது. போனோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கேபிள் சரி என்றால் அடுத்து போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் செருகியதும் அது தானாகச் சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பூட்டை எடுத்துவிட்டு, திரையின் மேலிருந்து விரலால் கீழே இழுத்தால் யூஎஸ்பி பற்றி ஒரு அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் போனின் பெயர் தெரியும். உள்ளே போனால் டிசிஐஎம் என்று ஒரு உறை. கேமராவில் எடுத்த படமெல்லாம் அதற்குள்தான். ஐபோனாக இருந்தால், 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?' என்று அதுவே கேட்கும். ஆம் என்று சொல்லி ரகசிய எண்ணைப் போடாதவரை ஒன்றும் காட்டாது.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஐபோன் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு வேறு இரண்டு சிக்கல். 2017-லிருந்து ஐபோன் தன் படங்களை ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கிறது. இடம் மிச்சம், ஆனால் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் அதைத் திறக்காது. படம் கெட்டுப்போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். போனின் அமைப்பில் கேமரா என்ற பகுதிக்குள் படவகை என்ற இடத்தில், எல்லாக் கருவிக்கும் ஒத்துப்போகும் வகையைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக் படமாக வரும். இரண்டாவது சிக்கல், போனில் இடம் மிச்சம் பிடிக்கும் வசதி போட்டிருந்தால் முழுப் படம் இணையத்தில் இருக்கும், போனில் அதன் சிறு உருவம்தான் இருக்கும். கேபிளில் இழுத்தால் எல்லாப் படமும் வராது. படம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

இப்போது இணைய வழி. போனில் எடுத்த படம் தானாகவே மேலே போய், அங்கிருந்து கம்ப்யூட்டரில் தெரிவது. இதில் வரும் கோளாறுகளில் நான் அதிகமாகப் பார்த்தது கோளாறே இல்லை. போனில் ஒரு ஜிமெயில் கணக்கு, கம்ப்யூட்டரில் வேறொரு கணக்கு! புதுப் போன் வாங்கும்போதெல்லாம் பழைய ரகசியச் சொல் மறந்துபோய்விடுகிறது. கடைக்காரப் பையன் அவசரத்துக்குப் புதிதாக ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்துவிடுகிறான். ஒரே ஆளுக்கு நாலு கணக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு காலத்துப் படங்கள். ஆகவே வேறெதையும் தொடுவதற்கு முன் போனிலும் கம்ப்யூட்டரிலும் மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, இரண்டும் ஒரே முகவரிதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பழைய கணக்குகளின் முகவரியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கணக்கு ஒன்றுதான் என்றால் இடத்தைப் பாருங்கள். கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தபோது ஓரளவு சுருக்கிய படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அது நின்றுவிட்டது. இப்போது இலவச இடம் 15 ஜிபிதான். அதுவும் படத்துக்கு மட்டும் இல்லை, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து. நிறைந்துவிட்டால் புதிய படம் மேலே போகாது. போன் ஏதோ சொல்லும், நாம் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். அடுத்தது, வைஃபை இருந்தால் மட்டும் அனுப்பு என்ற அமைப்பு. நம் குப்பங்களில் வைஃபை உள்ள வீடு எத்தனை? மொபைல் டேட்டாவிலும் அனுப்பலாம் என்று அனுமதி கொடுக்காவிட்டால் படம் மாதக்கணக்கில் போனிலேயே காத்துக்கொண்டிருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் அமைப்பும் இதே வேலையைச் செய்யும். இன்னொன்று, கேமராவில் எடுத்த படங்கள் மட்டுமே தானாக மேலே போகும். வாட்ஸ்அப்பில் வந்த படமும் வீடியோவும் தனி உறையில் இருப்பவை. அந்த உறையையும் சேர்த்துக்கொள் என்று நாம் சொன்னால்தான் அவை போகும்.

வாட்ஸ்அப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் படத்தைப் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற எல்லோருக்கும் தெரிந்த வழி, வாட்ஸ்அப்பில் அனுப்புவது. வேலை நடக்கும், ஆனால் இரண்டு நஷ்டம் உண்டு. படத்தைச் சுருக்கித்தான் அது அனுப்பும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது, அச்சுப் போட்டால் தெரியும். இரண்டாவது நஷ்டம் பெரியது. ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளேயும் எடுத்த தேதி, நேரம், சில சமயம் இடம்கூட எழுதியிருக்கும். நம் கோப்பின் ஓரக்குறிப்பு மாதிரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு போய்விடுகிறது. புயல் சேதத்துக்கு எடுத்த படம், முகத்துவாரம் மூடியபோது எடுத்த படம் இவற்றில் தேதி போனால் பாதி மதிப்பு போன மாதிரி. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் படம் உள்ளது உள்ளபடி போகும், தேதியும் கூடவே போகும். எல்லாவற்றுக்கும் மேல், முதன்முதலில் எடுத்த படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

இதுவரை சொன்னது படம் வராமல் போவது பற்றி. இனிச் சொல்லப் போவது, வந்த படம் போவது பற்றி. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா தன் மகனோடு என்னைப் பார்க்க வந்தார். கணவர் நெஞ்சுவலியில் தவறி இரண்டு மாதம் ஆகப்போகிறது. நல்ல பாட்டாளி. அவருடைய படங்கள் எல்லாம் அந்த அம்மாவின் போனில் இருந்தன. படகில் நிற்பது, வலை பழுது பார்ப்பது, பேத்தியைத் தோளில் வைத்திருப்பது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, போனில் இடம் இல்லை என்று தகவல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பையன் படித்தவன். பள்ளியில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் அப்பா படம் எல்லாம் அதிலும் தெரிகிறது. அதுதான் இங்கே இருக்கிறதே என்று போனில் இருந்ததை அழித்துவிட்டான். மறுநாள் மடிக்கணினியைத் திறந்தால் அங்கேயும் ஒன்றும் இல்லை.

"நான் அதுல கை வைக்கவே இல்லை தாத்தா. போன்லதான் அழிச்சேன்" என்றான் பையன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. போனை என் மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்ன நடந்தது என்று பையனுக்கு ஆபீஸ் பாஷையில்தான் விளக்கினேன். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் தட்டச்சு செய்யும்போது நடுவில் கார்பன் தாள் வைப்போம். மேல் தாள் வெளியே போகும், அடித்தாள் கோப்பில் தங்கும். மேல் தாளை யாராவது கிழித்தாலும் அடித்தாளுக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் நகல். ஒத்திசைவு என்று போனில் சொல்கிறார்களே, அது வேறு. ஒரே ஒரு பதிவேடு, அதை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். போன் ஒரு ஜன்னல், மடிக்கணினி ஒரு ஜன்னல். இந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு பக்கத்தைக் கிழித்தால் அந்த ஜன்னலில் நிற்பவருக்கும் அந்தப் பக்கம் தெரியாது. இரண்டு இடத்தில் தெரிகிறது என்பதால் இரண்டு படம் இருப்பதாகப் பையன் நினைத்துக்கொண்டான். இருந்தது ஒன்றுதான்.

நல்ல காலம், இந்த ஏற்பாட்டில் ஒரு கருணை உண்டு. அழித்த படம் உடனே போய்விடாது, கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். கூகுள் போட்டோஸில் மேலே சேர்ந்துவிட்ட படம் 60 நாள் இருக்கும், ஐபோனில் சுமார் 30 நாள். பையன் அழித்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தொட்டியைத் திறந்தோம். எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. மீட்டெடு என்று ஒரு தொடு தொட்டதும் போனுக்குத் திரும்பி வந்துவிட்டன. இன்னும் மூன்று வாரம் தாமதித்து வந்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஒன்று மட்டும் வரவில்லை. அவர் பேத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் ஒரு சின்ன வீடியோ. அவர் குரல் இருந்தது அது ஒன்றில்தான். வாட்ஸ்அப் உறையில் இருந்ததால் அது மேலே போயிருக்கவே இல்லை. அங்கங்கே தேடிப் பார்த்துவிட்டு, இதை வேறு யாருக்காவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "குவைத்துல என் தம்பிக்கு அனுப்பினேன் ஐயா." அன்று ராத்திரியே அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

குவைத்தில் இருந்த அந்த நகல்தான் எனக்குப் பழைய பாடம் ஒன்றை ஞாபகப்படுத்தியது. நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் எப்போதும் இரண்டு பிரதியாக எழுதப்படும். 'ஆன் தூப்ல்' என்பார்கள். ஒன்று நகராட்சியில், மற்றொன்று நீதிமன்றத்தில். இது 1667-லிருந்து பிரான்சில் உள்ள வழக்கம். கடல் கடந்த ஊர்களுக்கு அதுவும் போதாது என்று பதினாறாம் லூயி மன்னர் 1776-ல் ஒரு ஆணை போட்டார். மூன்றாவது பிரதி ஒன்று எழுதி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். புதுச்சேரி மாதிரி ஊர்களில் காகிதத்துக்கு எதிரிகள் அதிகம். ஈரம், கரையான், புயல், போர். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது பழைய கதை இல்லை, அப்போது அது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சம்பவம்.

அப்படிப் போய்ச் சேர்ந்த பதிவேடுகள் இன்று பிரான்சின் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். என் பாட்டனாரின் பிறப்புப் பதிவை இங்கே பழவேற்காட்டில் உட்கார்ந்துகொண்டு படித்தேன். யாரோ ஒரு எழுத்தர், என் ஜாதிக்காரர் என்றே சொல்வேன், வெயிலில் வியர்த்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அவருக்கு அலுத்திருக்கும். அந்த அலுப்பின் பலன் எனக்குக் கிடைத்தது.

இரண்டு பிரதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கும் பிரான்சிலேயே உதாரணம் உண்டு. பாரீஸ் நகரத்தின் பதிவேடுகளும் விதிப்படி இரண்டு பிரதிதான். ஒன்று நகரசபைக் கட்டடத்தில், மற்றொன்று நீதிமன்றக் கட்டடத்தில். இரண்டும் ஒரே ஊர், அதிக தூரமும் இல்லை. 1871 மே மாதம் பாரீஸ் கம்யூன் கலகத்தின் கடைசி நாட்களில் இரண்டு கட்டடங்களும் எரிந்தன. 1860-க்கு முந்தைய சுமார் 80 லட்சம் பதிவுகள் சாம்பலாயின. அதன்பிறகு வீடு வீடாக மக்கள் வைத்திருந்த சான்றுகளையும் மாதாகோயில் புத்தகங்களையும் வைத்துத் திரும்ப எழுதினார்கள். மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. பீரோவில் ஒரு நகல், அதே வீட்டில் மேசை இழுப்பில் இன்னொரு நகல் என்று வைத்திருப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வந்தால் பீரோவுக்கும் வரும், மேசைக்கும் வரும்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்திரியா என்று கோட்டை கட்டினார்கள். இன்று போய்ப் பாருங்கள், மேடும் புதரும்தான். ஆனால் அந்தக் கோட்டையிலிருந்து எழுதிய கடிதங்கள் படேவியாவுக்குப் போயின. அங்கிருந்து நகலெடுத்து ஹாலந்துக்கும் போயின. அந்தக் கம்பெனியின் காகிதங்கள் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. கல்லால் கட்டிய கோட்டை போய்விட்டது, வேறு ஊருக்குப் போன காகிதம் நிற்கிறது.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் இதையே மூன்று எண்ணாகச் சொல்லிப் பிரபலமாக்கினார். 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனத்தில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். அதை நம் ஊருக்கு நான் இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் பிரதி போனில். அதோடு ஒத்திசைந்து இணையத்தில் தெரிவதையும் நான் அதே கணக்கில்தான் சேர்ப்பேன், ஏனென்றால் ஒன்றை அழித்தால் மற்றதும் போகும். இரண்டாவது பிரதி, கேபிள் போட்டு இழுத்து ஒரு ஹார்டு டிஸ்க்கில். இழுக்கும்போது 'காப்பி' செய்யுங்கள், 'கட்' செய்யாதீர்கள். பாதியில் கேபிள் அசைந்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகும். மூன்றாவது, இன்னொரு ஹார்டு டிஸ்க்கோ பென்டிரைவோ வாங்கி அதிலும் எடுத்து, பொன்னேரியிலோ சென்னையிலோ இருக்கும் மகள் வீட்டில் கொடுத்து வைப்பது. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தால் போதும். பென்டிரைவை மட்டும் நம்பிப் பல வருஷம் மூடி வைத்துவிடாதீர்கள். அவ்வப்போது செருகித் திறந்து பார்க்க வேண்டும்.

எல்லாப் படத்தையும் இப்படிக் காக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு டாட்டன்ஹாம் முறை ஞாபகம் இருக்கும். கோப்பு முடிந்ததும் எத்தனை காலம் வைப்பது என்று அதன்மேல் எழுதிவிடுவோம். எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம். கே.டிஸ். மூன்று வருஷம். டி.டிஸ். பத்து வருஷம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். போட்டோவுக்கும் அதே கணக்கைப் போடலாம். காலை வணக்கப் பூப்படங்களை எல்.டிஸ். என்றுகூடச் சொல்ல முடியாது, அன்றைக்கே அழிக்கலாம். கரண்ட் பில், ரசீது எல்லாம் கே.டிஸ். படகு, வலை, வீடு, நிலம் சம்பந்தப்பட்டவை டி.டிஸ்ஸுக்குக் குறையாது. அப்பா அம்மா முகம், கல்யாணம், பிள்ளைகள், குரல் உள்ள வீடியோ, இவை ஆர்.டிஸ். கம்ப்யூட்டரில் நிரந்தரம் என்று ஒரு உறை திறந்து இவற்றை மட்டும் அதில் போடுங்கள். மூன்று பிரதி தேவைப்படுவது இந்த உறைக்குத்தான். உட்கார்ந்து பிரித்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள், பத்தாயிரம் படத்தில் ஐந்நூறு தேறினால் அதிகம்.

அந்த ஐந்நூறிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிவிடுங்கள். உறையின் பெயரிலேயே வருஷமும் ஊரும் பெயர்களும் இருக்கட்டும். நம் தலைமுறைக்கு அடையாளம் தெரிகிறது. பேரனுக்கு, வேட்டி கட்டிய நாலு பேரில் கொள்ளுத்தாத்தா யார் என்று தெரியாது. மிக முக்கியமான இருபது முப்பது படங்களைப் பொன்னேரியில் ஸ்டுடியோவில் கொடுத்து அச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். அச்சுப் படத்துக்கு ரகசியச் சொல் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

கடைசியாக, வயதானவர்களாகிய நமக்கு ஒன்று. இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை அதில் உள்ள படங்களோடு அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. 2023 டிசம்பரிலிருந்து அதை நடைமுறைப்படுத்துகிறார்கள். நாம் போன பிறகு நம் போன் மேசையில் கிடக்கும். அதன் பூட்டு எண் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் ஓடிவிடும். சொத்துக்கு உயில் எழுதுகிறோம். அதோடு நம் கணக்கின் முகவரியையும் ரகசியச் சொல்லையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நம்பிக்கையான பிள்ளையிடம் இருக்கும் இடத்தைச் சொல்லிவைப்பது நல்லது. கூகுள் கணக்கிலேயே, நான் இத்தனை மாதம் வராவிட்டால் இன்னாருக்குத் தகவல் கொடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியும் இருக்கிறது.

இப்போது புரட்டாசி. மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது கேபிளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கேபிள் போட்டும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் நம் தெருப் பக்கம் வாருங்கள், நான் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது போனின் ரகசிய எண்ணை ஞாபகமாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பாதிப் பேர் அதற்காகவே திரும்பிப் போய் வருகிறார்கள்.